ஆறு மணி நேரம் பிந்தி வந்த தாலாட்டு

ஜெசிந்தா பிள்ளை பெத்து வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் அவ பேச்சு பிந்த ஆரம்பிச்சுது. அது தண்ணி வர்ற நாள், அதனால எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தூத்துக்குடியில கடலுக்குப் பக்கத்துல எங்க காம்பவுண்டு, எட்டு வீடு, ஒரே குழாய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி, எந்த வீட்டுக்கு எத்தன குடம், யாருக்குப் பெறவு யாருன்னு முறை வச்சு சுவர்ல சாக்பீஸால எழுதிப் போடுறது நான்தான், மூணாம் நம்பர் வீட்டு வியாகுலம், ஆப்பம் சுட்டு விக்கிறவ. என் வாய்க்குப் பயந்துதான் அந்தக் குழாயடியில இதுவரைக்கும் ஒருத்தர் மண்டையும் உடையல. முறை வச்சா தீராத சங்கடமே உலகத்துல கிடையாதுன்னு அப்பம் நம்பிக்கிட்டுத் திரிஞ்சேன், அம்புட்டுக் கொழுப்பு எனக்கு.

அன்னைக்கு நான் குடத்தோட ஏழாம் நம்பர் வீட்டு வாசலத் தாண்டும்போது பிள்ளை வீல் வீல்னு கத்துது. ஜெசிந்தா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல பாயப் போட்டு உக்காந்திருக்கா, மடியில பிள்ளை, பிள்ளையப் பாத்து அவ வாய் அசையுது, உதடு குவியுது, விரியுது, சத்தம் மட்டும் இல்ல. "என்னட்டி, தொண்ட கட்டிட்டா?"ன்னு கேட்டேன். "இல்லயே யக்கா, நல்லாத்தான இருக்கேன், தண்ணி வந்துட்டா?"ன்னு என்கிட்ட கணீர்னு பதில் சொன்னா. மறுபடி பிள்ளையக் குனிஞ்சு பாத்தா, வாய் அசைஞ்சுது, சத்தம் இல்ல. நான் அஞ்சு குடம் நிரப்பி முடிச்சுத் திரும்பி வாரேன், பிள்ளை தொட்டில்ல கெடக்கு, ஜெசிந்தா அடுப்படியில நிக்கா, பாய் சும்மா கெடக்கு, அந்தச் சும்மா கெடக்கிற பாயில இருந்து ஜெசிந்தா குரல் வருது: "ஏம்மா அழுத, என் ராசாத்தி, அம்மா இங்கனதான இருக்கேன்." நான் குடத்த இறக்கி வச்சிட்டு, ஆறாம் நம்பர் ஸ்டெல்லாட்ட, கேட்டுதாடின்னேன். கேட்டுதுக்கா, கால் மணி நேரம் பிந்தி வருது போலன்னா அவ. சரின்னு சொல்லிட்டு நான் அடுத்த வீட்டுக்காரியக் குழாய்க்குக் கூப்பிட்டேன்.

எங்களோட பேசுற பேச்சு எதுவும் பிந்தல, கடைக்காரன்கிட்ட பேசுறது பிந்தல, கோயில்ல செபமாலை சொல்லும்போது எல்லாரோடயும் சேந்துதான் அவ குரலும் வந்துச்சு. பிள்ளைக்குன்னு நெஞ்சில இருந்து எடுக்கிறது மட்டும் பிந்துச்சு, சொல்லு மட்டுமில்ல, உம் கொட்டுறது, நாக்கால சொடக்குப் போடுறது, தாலாட்டு, எல்லாமே பிந்துச்சு, சிரிப்புகூட. காலையில பிள்ளையப் பாத்துச் சிரிக்க வேண்டிய சிரிப்பு மத்தியானம் பாத்திரம் கழுவும்போது அவ முகத்துல வந்து நிக்கும், கரிச்சட்டியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருப்பா. பிள்ளைகிட்ட இருக்கும்போது முகம் துடைச்ச சிலேட்டு. ஆனா பால் கொடுக்கிறதுல, குளிப்பாட்டுறதுல, துணி மாத்துறதுல ஒரு குறை சொல்ல முடியாது, அத ஞாயமாச் சொல்லணும்.

அவளுக்குத் தாய் இல்ல, கல்யாணத்துக்கு முந்தியே போய்ச் சேந்துட்டா. புருசன் மரியதாஸ் கப்பல்ல வேலை, ஒன்பது மாசத்துக்கு ஒருக்க வருவான். போன்ல விசயத்தச் சொன்னதுக்கு, "கப்பல் போன்ல எனக்கும் பேச்சு பிந்தித்தான் கேக்கும், இதுக்குப் போயி பயப்படலாமா"ன்னு சிரிச்சான். கோயில் சாமியார் வந்து மந்திரிச்ச தண்ணிய நாலு மூலையிலயும் தெளிச்சார், தெளிச்சிட்டு நிக்கும்போதே பாயில இருந்து குரல் வந்துச்சு, கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "பிந்தினாலும் வருதுல்லா, அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க"ன்னு குடையை எடுத்துக்கிட்டார். ஊதுபத்தி, உப்பு மிளகா, கண்ணேறு கழிக்கிறதுன்னு கிழவிகள்ல இருந்து குமரிகள் வரைக்கும் ஆளுக்கொன்னு செஞ்சாங்க. பிந்துறது அரைமணி ஆச்சு, ஒரு மணி ஆச்சு, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து பனிமேரின்னு பேர் வச்ச அன்னைக்கு மூணு மணி நேரம் ஆச்சு.

ஒரு நாள் அவ என் வாசப்படியில வந்து உக்காந்தா. தலை வாரி எத்தன நாளோ, சிக்குப் பிடிச்சுக் கெடந்துச்சு. "யக்கா, கை காலு நனைஞ்ச சாக்கு மாதிரி கனக்கு. ஒறக்கம் வரமாட்டேங்கு, பிள்ளை ஒறங்கினாலும் எனக்கு வரமாட்டேங்கு. அவளப் பாத்தா பயமா இருக்கு யக்கா, பாசம் இல்லாம இல்ல, அது எங்கயோ தூரத்துல நின்னுக்கிட்டு வாரேன் வாரேங்குது, வந்து சேரமாட்டேங்குது"ன்னா. இதவிடத் தெளிவா ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளை பெத்தா எல்லாருக்கும் அப்படித்தான்டி இருக்கும். நான் மூணு பெத்தேன், பத்தாம் நாள் ஆப்பச்சட்டியத் தூக்கிட்டேன், போயி தலையச் சீவு"ன்னேன். அவ போயி தலையச் சீவினா.

பனிக்குட்டி மொத மூணு மாசமும் பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தேன். அம்மா முகத்தையே பாக்கும், ஒரு சிரிப்புச் சிரிச்சுப் பாக்கும், பதில் வராது, கையக் கால ஆட்டிப் பாக்கும், பதில் வராது, ங்ஙேன்னு ஒரு சத்தம் கொடுத்துட்டுக் காத்திருக்கும், நாமளும் பேசும்போது ஒரு பேச்சுச் சொல்லிட்டுக் காத்திருப்போம்லா, அதே மாதிரி. ஒண்ணும் வராம கடைசியில அழும், அழுது அழுது தொண்ட வறண்டு தானா ஓயும். அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொலவடை இருக்கு, பால் கெடச்சுது, பாலுக்கு மட்டும் அந்தப் பிள்ளை அழலயே. மூணாம் மாசம் முடியும்போது அழுகைய விட்டுருச்சு. அழாம, கொள்ளாம, முகத்தத் திருப்பிச் சுவரப் பாத்துக்கிட்டுக் கெடக்கும். அதுக்கு நாங்க என்ன செஞ்சோம்? கொண்டாடினோம். "என்ன சமத்தான பிள்ளை, வீட்டுல பிள்ளை இருக்கதே தெரியல, அழாத பிள்ளை கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்"ன்னு மீன்கடை வரைக்கும் போயி நான் பெருமையாச் சொல்லிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்துல பிந்துறது ஆறு மணி நேரத்துல வந்து நின்னுச்சு. அதுக்கு மேல கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எனக்கு அது போதும்லா? மணி தெரிஞ்சா முறை வச்சிரலாமே! குழாய் முறைக்குப் பக்கத்துலயே சுவர்ல இன்னொரு கட்டம் போட்டேன். காலையில எட்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது சொல்லுறது ரெண்டு மணிக்கு வரும், ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டிப் பாடுற தாலாட்டு மூணு மணிக்கு வரும், அந்தந்த நேரத்துக்குப் பிள்ளையத் தூக்கிக் கொண்டுபோயி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல அந்தப் பாய்க்கு நேரா வச்சிக்கிடணும், திங்கள் ஒண்ணாம் நம்பர், செவ்வா ரெண்டாம் நம்பர், இப்படி வீட்டுக்கொரு நாள். ஜெசிந்தாவும் கூட உக்காரட்டுமான்னு ஸ்டெல்லாதான் கேட்டா. வேண்டாம்னு நான் சொன்னேன். "குரல் ஒரு பக்கம் வரும்போது இவ ஊமையா இன்னொரு பக்கம் வாயசைச்சிக்கிட்டு இருந்தா பிள்ளை எந்த அம்மாவப் பாக்கும், குழம்பிப் போகும்லா, அந்த நேரத்துக்கு நீ வெளிய துவைக்கிற கல்லுல போயி இருடி"ன்னு நானே அனுப்பினேன். அவ போயி இருந்தா.

மொத நாள் ரெண்டு மணிக்கு, "வந்துட்டேன் தங்கம், இந்தா வந்துட்டேன்"னு வெறும் பாயில இருந்து குரல் கிளம்பினதும் பிள்ளை தலையத் திருப்பிச்சு, கண்ண விரிச்சுச்சு, ங்ஙேன்னுச்சு, குரல் அதுபாட்டுக்குப் பேசிட்டே போக, பிள்ளை சிரிச்சுது, அம்மாடி, அப்படி ஒரு சிரிப்பு! நாங்க மத்த ஏழு வீட்டுப் பொம்பளைகளும் கைதட்டினோம். முறை வச்சா தீராதது உண்டான்னு நான் முந்தானைய உதறிச் செருகிக்கிட்டேன்.

பெறவு அது எங்களுக்குப் பழகிப் போச்சு. மூணு மணித் தாலாட்டுன்னா தெருவுக்கே தெரியும். அக்கம்பக்கத்துல பிள்ளை வச்சிருக்கவ எல்லாம் மூணு அடிக்க அஞ்சு நிமிசத்துக்கு முந்தியே இடுப்புல பிள்ளையோட வந்து முத்தத்துல உக்காந்துக்கிடுவா.

உப்புக் காத்து அடிக்குது கண்ணே,
ஒங்கப்பன் கப்பல் தூரத்துல,
ஒறங்கு கண்ணே ஒறங்கு, எனக்கும் சேத்து
ஒறங்கு கண்ணே ஒறங்கு

ன்னு அவ பாட்டு இழுத்து இழுத்து வரும், ஊர்ப் பிள்ளையெல்லாம் சொக்கி விழும், பக்கத்துத் தெருவுல கக்குவான் இருமல் வந்த பிள்ளைகூட அதுல ஒறங்கிச்சு. எனக்கும் சேத்து ஒறங்குன்னு அவ பாடினத ஒரு பாவியும் காதுல வாங்கல, நானும்தான். பாடினவ கல்லுல உக்காந்து சோப்புக் கட்டிய நகத்தால கீறிக்கிட்டு இருந்தா.

அஞ்சாம் மாசம் நர்சம்மா வசந்தகுமாரி தடுப்பூசி விசயமா வந்தா. பிள்ளைய நிறுத்துப் பாத்தா, எடை சரியா இருந்துச்சு. முகத்துக்கு நேரா குனிஞ்சு கூப்பிட்டா, பிள்ளை அவ முகத்தப் பாக்காம பீரோப் பக்கம் திரும்பிக்கிடுச்சு. ஊசி குத்தினா, அதுக்கும் அழல. நாங்க பாத்தியளா எப்படின்னு பெருமையாச் சிரிச்சோம், அவ சிரிக்கல. ஜெசிந்தா பக்கத்துல தரையில உக்காந்து, "ஒறக்கம் வருதாம்மா? சாப்பாடு எறங்குதா? செத்துட்டாத் தேவலன்னு எப்பவாச்சும் தோணுதா?"ன்னு கேட்டா. ஜெசிந்தா வாயத் தொறந்தா. நானும் தொறந்தேன், என் வாய் எப்பவும் முந்திக்கிடும்லா. "அவளுக்கு என்ன கேடு, மூணு வேளையும் திங்கா, நாங்க ஏழு வீடு இருக்கோம் பாத்துக்கிட, அவ நல்லா இருக்கா"ன்னேன்.

"பேச்சு பிந்துறதுக்கு எனக்கு வைத்தியம் தெரியாதுக்கா. ஆனா பிள்ளை பெத்தவளுக்கு மனசு இப்படி விழுந்து போறது ஒரு சீக்கு. பெரியாஸ்பத்திரியில அதுக்கு டாக்டர் இருக்காங்க, மாத்திரை இருக்கு, கூட உக்காந்து பேசுறதுக்கு ஆள் இருக்கு. பிள்ளைய இவ மடியில இருந்து எடுக்காதிய, வேலைய இவ கையில இருந்து எடுங்க"ன்னா நர்சம்மா.

"பைத்தியம்னு சொல்ல வாரியளோ?"ன்னு நான் எந்திரிச்சேன். "பைத்தியக்கார டாக்டர்ட்ட போனான்னு பேர் வந்தா நாளைக்கு இந்தப் பொம்பளப் பிள்ளைய எவன் கட்டுவான்? ஊசி போட வந்தா போட்டுட்டுப் போங்க தாயி." அவ ஜெசிந்தா முகத்தப் பாத்தா, ஜெசிந்தா என் முகத்தப் பாத்தா. நர்சம்மா போயிட்டா.

அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு என் வீட்டு முறை. பிள்ளைய மடியில வச்சிப் பாய்க்கு எதுக்க உக்காந்திருக்கேன், குரல் வந்துச்சு, பிள்ளை சிரிக்க ஆரம்பிச்சுது, அப்பம் ஜெசிந்தா கல்லுல இருந்து எந்திரிச்சு உள்ள வந்தா. என்னத் தாண்டிப் போயி, அந்தப் பாயில, அந்தக் குரல் வர்ற எடத்துலயே உக்காந்தா. இப்பம் குரலும் ஆளும் ஒரே எடம். "பனி"ன்னு வாயசைச்சா, ரெண்டு கையையும் நீட்டினா. பிள்ளை சிரிப்ப நிறுத்திச்சு. அவ முகத்தப் பாக்கல. கதவு மறைச்சா நாம எப்படிச் சாஞ்சு எட்டிப் பாப்போம், அதே மாதிரி இந்தப் பக்கம் சாஞ்சு, அந்தப் பக்கம் சாஞ்சு, அவளுக்குப் பின்னால இருக்க சுவர்ல குரலத் தேடிச்சு. தேடிக் கெடைக்காம என் மார்ல முகத்த வச்சிக்கிடுச்சு. ஜெசிந்தா நீட்டின கைய மடக்கி மடியில வச்சா. "அவளுக்குத்தான் குரல் இருக்கே யக்கா, நான் எதுக்கு?"ன்னா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, என் வாழ்க்கையில அது ஒரு தடவதான் அடைச்சுது, அடைக்கக் கூடாத நேரத்துல அடைச்சுது.

அதுக்கப்புறம் அவ பிள்ளையோட பேசுறதையே விட்டுட்டா. பால் கொடுப்பா, வாய் அசையாது. ஆறு மணி நேரத்துல கடைசிக் குரலும் வந்து முடிஞ்சு போச்சு. மறுநாள் மூணு மணிக்கு முத்தத்துல பிள்ளைகளோட வந்து உக்காந்தவளுக, "என்னக்கா, பாட்டு இல்லயா, பிள்ளைய எப்படி ஒறக்காட்ட"ன்னு என்கிட்ட சடைச்சாளுக, ஒருத்தி ஏழாம் நம்பர் வாசல்லயே போயி நின்னு, "ஒரு பாட்டுப் பாடுறதுக்கு ஒனக்கு என்ன வலிக்கு?"ன்னு கேட்டுட்டு வந்தா. பனி ஒரு வாரம் ரெண்டு மணிக்குப் பீரோப் பக்கம் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. பெறவு அங்கயும் பாக்கிறத விட்டுருச்சு. அப்பமும் அழல. நாங்களும் சமத்து சமத்துன்னு சொல்றத விடல, வெக்கங்கெட்ட சென்மங்க.

பிள்ளை நடந்துச்சு, சோறு தின்னுச்சு, தூக்கினவ இடுப்புல எல்லாம் ஒட்டிக்கிடும், இறக்கி விட்டா அப்படியே நிக்கும், தூக்கச் சொல்லி ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாது. மரியதாஸ் ரெண்டு தடவ வந்துட்டுப் போனான், பொம்மை வாங்கிட்டு வந்தான். பனிக்கு ரெண்டு வயசு நெருங்கும்போது அந்த நர்சம்மா வேற வீட்டுக்கு வந்தவ எங்க காம்பவுண்டு வாசலத் தாண்டிப் போனா. ஜெசிந்தா சோறு வடிச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே கஞ்சியோட சட்டிய வச்சிட்டு, கலைஞ்ச தலையோட ஓடி, "நர்சம்மா, நான் வாரேன், என்னக் கூட்டிட்டுப் போங்க"ன்னா. எங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்கல, ரெண்டு பேரும் பஸ்ஸேறிப் போயிட்டாங்க. மாத்திரை தின்னா, வாரம் ஒருக்க போயி ஒரு டாக்டரம்மாகிட்ட உக்காந்து பேசிட்டு வந்தா. நாங்க அவ முதுகுக்குப் பின்னால என்னெல்லாம் பேசினோம்னு இங்க சொன்னா என் நாக்கு அழுகிரும்.

அவ ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்ச நாலாம் மாசம், ஒரு தண்ணி வர்ற நாள், "பனி, சோறு திங்க வா"ன்னு ஒரு குரல். நான் திரும்பிப் பாத்தேன், ஜெசிந்தா வாசல்ல நிக்கா, வாய் அசையுது, சத்தமும் கூடவே வருது! அவளுக்கே நம்ப முடியல, தொண்டையப் புடிச்சிக்கிட்டு மறுபடியும், மறுபடியும் கூப்பிட்டா, பனி, பனி, பனின்னு, ஒரு நொடி பிந்தல. குழாயடியில நின்ன அத்தன பேருக்கும் கண்ணீர் பொங்கிருச்சு. பனி என் வாசப்படியில சோடா மூடிய அடுக்கிக்கிட்டு இருந்தா, திரும்பிக்கூடப் பாக்கல. "விடாமக் கூப்பிடு, வருவா, நாள் ஆகும், ஆனா வருவா"ன்னு நர்சம்மா சொல்லியிருந்தா. ஜெசிந்தா விடல, நாளைக்கு நூறு தடவ கூப்பிட்டா, சிரிப்பும் இப்பம் நேரத்துக்கு வந்துச்சு, பிள்ளைக்கு முன்னாடி மண்டி போட்டுச் சிரிச்சா. மூணு வாரம் கழிச்சு பனி ஒரு தடவ தலையத் திருப்பி அம்மா முகத்தப் பாத்தா. மறுநாள் ரெண்டு தடவ பாத்தா. எந்திரிச்சு ரெண்டு எட்டுகூட வச்சா.

அந்த வாரம்தான் அழுகை வர ஆரம்பிச்சுது.

காலையில பத்து மணி இருக்கும். ஏழாம் நம்பர் வீட்டுக்குள்ள இருந்து பச்சப் பிள்ளை அழுகை, மூணு மாசக் குரலு, வீல் வீல்னு. காம்பவுண்டுல அந்த வயசுப் பிள்ளை ஒண்ணுகூடக் கிடையாது. முன்ன தொட்டில் கெடந்த எடத்துல, வெறும் காத்துல இருந்து வருது. அழாத பிள்ளை அழாம முழுங்கின அழுகை அத்தனையும், ரெண்டு வருசம் பிந்தி. ஜெசிந்தா கரண்டியப் போட்டுட்டு ஓடினா, அவ ரவிக்கை முன்பக்கம் நனைஞ்சதப் பாத்தேன், பால் வத்தி எத்தன மாசமோ ஆச்சு. வெறுங்காத்துக்குக் கீழ மண்டி போட்டு, "ஏம்மா, ஏன் தங்கம், அம்மா வந்துட்டேன், அம்மா இந்தா வந்துட்டேன்"னு சொல்லச் சொல்ல அழுகை கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. அவ எந்திரிச்சா மறுபடி வீறிடுது. இப்பம் அவ பேச்சு நேரத்துக்குப் போயிச் சேருது பாத்தியளா, அவளால எந்திரிக்க முடியுமா? எந்தத் தாயால முடியும்?

தெனமும் வந்துச்சு, சில நாள் காலையில ஆரம்பிச்சுப் பொழுது சாயுற வரைக்கும். ஸ்டெல்லா என்கிட்ட வந்து, "யக்கா, நாம முறை வச்சு ஆளுக்கொரு நேரம் போயி அத ஆத்துவமா?"ன்னு கேட்டா. சுவர்ல இருந்த கட்டத்தையெல்லாம் ஈரத்துணியால அழிச்சிட்டேன், குழாய் முறை உட்பட. அவள வாய்க்கு வந்தபடி ஏசினேன், பாவம், அவ என்ன செய்வா.

நேத்தும் அழுகை. பனி என் வாசப்படியில சம்மணம் போட்டு உக்காந்திருந்தா, மூணு வயசாகப் போகுது. உள்ள பச்சப் பிள்ளை கத்துது, ஜெசிந்தா அத ஆத்திக்கிட்டே, நடுவுல விக்கி விக்கி, "பனி, நீயும் வா தங்கம், அம்மாட்ட வா"ன்னு கூப்பிடுதா. பனி அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா, நல்லாவே பாத்தா, எந்திரிக்கல.

"அம்மா கூப்பிடுதால்லா, போடி கண்ணு"ன்னேன்.

"அம்மா பாப்பாவ வச்சிருக்கா, பெரியம்மா. பாப்பா அழுது முடிக்கட்டும், பெறவு போறேன்"னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ரொம்ப நேரம் ஆகுமா?"ன்னு கேட்டா.

"இல்ல தாயி, இந்தா இப்பம் முடிஞ்சிரும்"னேன்.

சரின்னு தலையாட்டிட்டு, ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டு, சமத்தா, சத்தம் போடாமக் காத்துக்கிட்டு இருந்தா.